கரியின் எடைக்கணக்கு

முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். கரிமூட்டம் என்பது அதுதான். மண்பூச்சில் விரிசல் விழுந்து காற்று நுழைந்தால் கரி போய்ச் சாம்பல்தான் மிஞ்சும். பழகிய கண்ணுக்குப் புகையே போதும்: அடர்ந்த வெள்ளை என்றால் ஈரம் போகிறது, மெல்லிய நீலமானால் வேலை முடியப்போகிறது.

ஆய்வுக்கூடத்தில் புகைக்குப் பதில் எடையைப் பார்க்கிறார்கள். 1915-இல் ஜப்பானின் கோதாரோ ஹோண்டா உருவாக்கிய வெப்பத்தராசின் வாரிசுகள்தான் இன்றைய கருவிகள். சில மில்லிகிராம் மரத்தூளைச் சிறு கிண்ணத்தில் இட்டு, ஆக்சிஜன் அண்டாமல் நைட்ரஜனை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 10 டிகிரி செல்சியஸ் வீதம் சூடேற்றுவது வழக்கம். எந்தச் சூட்டில் எவ்வளவு எடை குறைகிறது என்பது கோடாக விழும்.

100 டிகிரியை ஒட்டி ஈரம் வெளியேறும். அப்புறம் 200 வரை கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். 220 வாக்கில் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்குகிறது. கிளைவிட்டு ஒழுங்கின்றிக் கிடக்கும் சர்க்கரைச் சங்கிலி அது. படிக ஒழுங்கில் நெருக்கமாக அடுக்கப்பட்ட செல்லுலோஸ் 315 வரை தாக்குப்பிடித்து, 400-க்குள் மளமளவெனச் சரிந்துவிடும். மரத்தின் இன்னொரு கூறான லிக்னின் தனி ரகம். 160-இலேயே தொடங்கி 900 வரை இழுத்துக்கொண்டே போகும். அதிகம் கரியாக மிஞ்சுவதும் அதுதான்.

செடி மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியமும் இதில் விளையாடும். தூளை அமிலத்தில் அலசி அந்த உப்பை நீக்கினால் செல்லுலோஸ் இன்னும் அதிகச் சூட்டில்தான் உடையும், கரியும் குறையும். துளி உப்புக்கு இத்தனை சேட்டை!

இந்தக் கோட்டைத் தொழிற்சாலைகளும் கூர்ந்து பார்க்கின்றன. சணல், தேங்காய்நார் போன்றவற்றைப் பிளாஸ்டிக்கில் கலந்து வார்க்கும்போது சூடு 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். பாலிபுரொப்பிலீன் 165 வாக்கில் உருகுவதால் தப்பித்தது. 260 டிகிரி கேட்கும் நைலான் 66-உடன் நாரைச் சேர்ப்பது பெரும்பாடு.

ஆனால் தராசின் கோட்டை அப்படியே மூட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. தூளில் சூடு உடனே பரவும். கட்டையில் நடுப்பகுதி சூடேற நேரம் பிடிக்கும். அங்கே பிறக்கும் ஆவி வெளியேறும் வழியில் கரியோடு உரசி, மறுபடி வினைபுரிந்து, தானும் கொஞ்சம் கரியாகப் படியும். மூட்டக்காரர்கள் காட்டும் பொறுமைக்கு இப்படி ஒரு வேதியியல் கூலி உண்டு. எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு வேகத்தில் சூடு என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது.

மெதுவாகச் சூடேற்றினால், நல்ல உலையில் உலர்ந்த மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கரியாகக் கிடைக்கும். அதே மரத்தூளை 500 டிகிரிக்குச் சட்டென்று ஏற்றி, ஆவியை இரண்டு நொடிக்குள் குளிர்வித்தால் முக்கால் பங்கு வரை கரும்பழுப்புத் திரவமாக வடியும். உயிரி எண்ணெய் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதில் கால் பங்கு தண்ணீர். அமிலம் வேறு இரும்பை அரிக்கும். வைக்க வைக்கக் கெட்டிப்படும். வண்டியில் ஊற்ற வேண்டுமானால் முதலில் ஹைட்ரஜன் செலுத்தி அதிலுள்ள ஆக்சிஜனை நீக்க வேண்டும். செலவு எகிறுவது அங்கேதான்.