பார்த்தால் போதுமா?
கல்வித் தொழில்நுட்பம் பற்றி ஒரு கல்லூரி மாணவி சொன்னவை

அரசுப் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பம் இன்று புதிதல்ல. 2018-19ஆம் கல்வியாண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் வந்தன. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சிகளில் நிறையவே பேசியிருக்கிறோம். இவற்றோடு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டுப் போன பிறகு எது கைகொடுத்தது, எது கைகொடுக்கவில்லை என்று அவர்களிடமே கேட்கும் வாய்ப்புதான் நமக்கு அரிதாகக் கிடைக்கிறது.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் இப்போது பொறியியல் படிக்கிறார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். தந்தை கட்டட வேலை செய்கிறார். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவர்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பருவ விடுமுறையில் பள்ளிக்கு வந்தவர், தன் கல்லூரி அனுபவத்தை விரிவாகப் பேசினார். அவர் சொன்னவற்றில் நம் வகுப்பறைக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை, அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணங்களோடு இங்கே தருகிறேன்.

புரிந்தது போல இருந்தது

முதல் பருவத்தில் அவருக்குக் கணிதத்தில் அணிகள் பாடம். ஆங்கிலத்தில் நடத்தியது பிடிபடவில்லை. விடுதிக்கு வந்து தமிழில் உள்ள காணொலிகளைத் தேடிப் பார்த்தார். ஒரே கணக்கை மூன்று பேர் விளக்குவதைப் பார்த்திருக்கிறார். “பாக்கும்போது எல்லாமே புரிஞ்சுது டீச்சர். இவ்ளோதானான்னு இருந்துச்சு. இன்டர்னல் எக்ஸாம்ல கேள்வித்தாளக் கையில வாங்குனா, முதல் வரி எழுத வரல” என்றார். அந்தத் தேர்வில் அவர் பெற்றது 50க்கு 11.

இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. பல மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நல்ல விளக்கத்தைக் கேட்கும்போது அடுத்தடுத்த படிகள் தடையின்றி வருகின்றன. அந்தச் சரளத்தை ‘எனக்குத் தெரிந்துவிட்டது’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றைப் பார்த்து அடையாளம் காண்பதும், எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து வரவழைப்பதும் வேறு வேறு திறன்கள். தேர்வில் தேவைப்படுவது இரண்டாவது திறன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதி தரப்பட்டது. ஒரு பிரிவினர் அதை மீண்டும் படித்தனர். மற்றொரு பிரிவினர் பகுதியை மூடி வைத்துவிட்டு நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னால் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை நன்றாக முந்திவிட்டனர்.

காணொலிக்கும் இது பொருந்தும். திறன்பலகையில் பத்து நிமிடக் காணொலி ஓடி முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பே “புரிஞ்சுது” என்று ஒரே குரலில் சொல்லும். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது. உண்மை நிலை தெரிய வேண்டுமானால் திரையை அணைத்துவிட்டு, “இப்போது பார்த்ததில் மூன்று செய்திகளை நோட்டில் எழுதுங்கள்” என்று சொல்ல வேண்டும்.

விடை வந்தது, கணினி நிரல் வரவில்லை

அடுத்து அவர் பேசியது செயற்கை நுண்ணறிவு பற்றி. முதலாம் ஆண்டில் நிரல் எழுதும் பாடம் இருந்தது. வாரம் ஓர் ஒப்படைப்பு. வகுப்பில் பெரும்பாலோர் கேள்வியை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு, வந்த நிரலை எடுத்துக் கொடுத்தனர். இவரும் அப்படியே செய்தார். ஒப்படைப்புகளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. செய்முறைத் தேர்வில் இணையம் இல்லாத கணினி முன் உட்கார வைத்தபோது, எண்களை வரிசைப்படுத்தும் எளிய நிரலைக்கூட எழுத முடியவில்லை. “எனக்குத் தெரியாதுன்னு அன்னைக்குத்தான் டீச்சர் எனக்கே தெரிஞ்சுது” என்றார்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 2025இல் வெளியானது. கணிதப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்குக் கேட்டதற்கெல்லாம் விடை தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி தரப்பட்டது. இரண்டாவது பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவி தரப்பட்டது. மூன்றாவது பிரிவினர் வழக்கம்போலப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் வைத்துப் பயிற்சி செய்தனர்.

பயிற்சியின்போது, விடை தரும் கருவி வைத்திருந்தவர்கள் மூன்றாவது பிரிவினரைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தனர். குறிப்பு தரும் கருவி வைத்திருந்தவர்கள் 127 விழுக்காடு கூடுதலாகச் செய்தனர். பிறகு எந்தக் கருவியும் இல்லாமல் தேர்வு நடந்தது. விடை தரும் கருவியோடு பழகியவர்கள், கருவியே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர்களும் தேர்வில் மற்றவர்களை முந்திவிடவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒப்படைப்பு நன்றாக இருப்பதை வைத்து மாணவர் கற்றுவிட்டார் என்று முடிவு செய்ய முடியாது. அடுத்து, கருவி ஒன்றே என்றாலும் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கைகளிலும் இந்தக் கருவிகள் வந்துவிட்டன. தடை போட்டு நிறுத்துவது கடினம். ஆனால் ஒழுங்கு கற்றுத்தர முடியும். ‘முதலில் நீ முயன்று பார். எந்தப் படியில் நின்றுவிட்டாய் என்று எழுது. அந்தப் படிக்கு மட்டும் குறிப்பு கேள். வந்த குறிப்பு சரிதானா என்று பாடநூலோடு ஒப்பிடு.’ இந்த நான்கு வாக்கியங்களை ஒரு அட்டையில் எழுதி வகுப்பில் ஒட்டி வைக்கலாம்.

கைகொடுத்தவை

அந்த மாணவியின் அனுபவத்தில் நல்ல பக்கமும் உண்டு. முதல் மாதம் ஆங்கில விரிவுரை எதுவும் அவருக்கு விளங்கவில்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடக் காணொலிகளை ஒருவர் அவருக்கு அறிமுகப்படுத்தினார். வேகத்தைக் குறைத்து, எழுத்து வரிகளோடு, ஒரே பகுதியை நான்கு முறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு பாடத்துக்கும் கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொண்டார். “வகுப்புல சாரை நாலு தடவ திருப்பிச் சொல்லுங்கன்னு கேக்க முடியாதுல்ல டீச்சர்” என்றார்.

தேர்வில் தோற்ற பிறகு காணொலி பார்க்கும் முறையையும் மாற்றிக்கொண்டார். கணக்கைத் திரையில் எழுதியதும் நிறுத்திவிடுவார். தானே செய்து பார்ப்பார். பிறகுதான் மீதியை ஓட்டுவார். பார்க்கும் நேரம் பாதியானது. எழுதும் நேரம் கூடியது. இரண்டாம் பருவத்தில் கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றார். காணொலிகள் மாறவில்லை. அவற்றின் முன் அவர் உட்கார்ந்திருந்த விதம் மாறியது.

கண்ணால் காண முடியாததைக் காட்டுவதிலும் தொழில்நுட்பத்துக்கு ஈடில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் பாவனைகள் இதற்கு நல்ல உதாரணம். மின்சுற்றில் எலக்ட்ரான்கள் நகர்வதையும், வெப்பம் ஏறும்போது மூலக்கூறுகள் விரைவதையும் மாணவரே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். சில பாவனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. கணிதத்துக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே இருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கலாம்.

இங்கும் ஒரு சிறு ஒழுங்கு தேவை. பொத்தானை அழுத்தும் முன், “இன்னொரு மின்கலத்தைச் சேர்த்தால் விளக்கு என்ன ஆகும்?” என்று கேட்டு, விடையை எழுதச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஊகித்த பிள்ளை, தன் ஊகம் சரியா என்று பார்க்கும் ஆவலோடு திரையைக் கவனிக்கும்.

கணினி வழிக் கற்றலும் கணினியைக் கற்றலும்

அவர் சொன்னவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கல்லூரியில் முதல் வாரமே ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். கைப்பேசியில் வேகமாகச் செய்தி அனுப்பத் தெரிந்த அவருக்கு, விசைப்பலகையில் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. கோப்பை எங்கே சேமித்தோம் என்று தெரியவில்லை. மின்னஞ்சலுடன் அதை இணைக்கத் தெரியவில்லை. நகரத்துத் தனியார் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டனர். “படிப்புல பின்தங்குனதவிட அன்னைக்குத்தான் டீச்சர் அழுகையா வந்துச்சு” என்றார்.

கணினி வழியாகப் பாடம் கற்பது ஒன்று. கணினியைக் கையாளக் கற்பது மற்றொன்று. வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு இரண்டாவது தானாக வந்துவிடும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகம்தான் விசைப்பலகையைத் தொடும் ஒரே இடம். வினாடி வினாவுக்கும் மதிப்பீட்டுக்கும் அவர்கள் அங்கே போகும் நேரங்களில், வாரம் ஒரு பாடவேளையையாவது தட்டச்சு, கோப்பு சேமித்தல், மின்னஞ்சல் எழுதுதல், சிறு அட்டவணை தயாரித்தல் ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். தமிழ் கட்டுரையைத் தட்டச்சு செய்யச் சொன்னால் மொழிப்பாட வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

வகுப்பறைக்குச் சில வழிமுறைகள்

தொடக்க வகுப்புகளில்: காணொலி மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாடல் முடிந்ததும் பிள்ளைகள் பாடட்டும், ஆடட்டும், சிலேட்டில் எழுதட்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் குச்சியும் மணியும் கையில் தொட்டு எண்ணியபின் திரைக்கு வரலாம். திரையை முதலில் வைத்தால் கை வேலை குறைந்துவிடும்.

நடுநிலை வகுப்புகளில்: காணொலியை முன்னதாக ஒருமுறை பார்த்து, நிறுத்த வேண்டிய இரண்டு இடங்களையும் அங்கே கேட்க வேண்டிய கேள்விகளையும் பாடக்குறிப்பிலேயே எழுதிக்கொள்ளலாம். முடிந்ததும் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் விளக்கட்டும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில்: வீட்டில் செய்து வரும் ஒப்படைப்போடு வகுப்பில் இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். தானே எழுதியவர் தயங்காமல் விளக்குவார். பாடத்தின் முக்கியக் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதி வைக்கும் பழக்கம், தமிழ் வழி மாணவர்களுக்குக் கல்லூரியில் பெரிய உதவி.

எல்லா வகுப்புகளிலும்: கைப்பேசி தேவைப்படும் வீட்டுப்பாடம் தருமுன் யாருடைய வீட்டில் எத்தனை கைப்பேசி என்று தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனா ஆண்டில் அந்த மாணவி ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல் தம்பியும் இவரும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்களாம். இன்றும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே வாய்ப்பு தருவது நம் பொறுப்பு.

ஒரு கேள்வி போதும்

மணற்கேணி என்ற பெயர் திருக்குறளிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். மணலில் தோண்டும் அளவுக்கு நீர் ஊறும். கற்கும் அளவுக்கு அறிவு ஊறும் என்பது அக்குறளின் கருத்து. அங்கே தோண்டும் வேலை கற்பவருடையது. திறன்பலகையோ செயலியோ செயற்கை நுண்ணறிவோ, நாம் தரும் மண்வெட்டிதான்.

எனவே திரையை இயக்கும் முன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: ‘இந்தப் பத்து நிமிடத்தில் என் மாணவர் என்ன செய்யப் போகிறார்?’ எழுதுவார், ஊகிப்பார், வரைவார், விளக்குவார் என்று விடை வந்தால் தாராளமாக இயக்கலாம். ‘பார்ப்பார்’ என்பது மட்டுமே விடையாக இருந்தால், இன்னொரு செயல்பாட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பள்ளியிலிருந்தும் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வருவார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, கல்லூரியில் எது உதவியது, எது தெரியாமல் தவித்தாய், உன் தம்பி தங்கைகளுக்கு நாங்கள் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையும் உடன் உட்கார வையுங்கள். அவர்கள் தங்கள் அக்காவிடமும் அண்ணனிடமும் கேட்கும் கேள்விகளிலிருந்து நமக்கும் அடுத்த ஆண்டுக்கான வேலைத் திட்டம் கிடைக்கும்.