படத்தைச் சுருக்கலாம், பாழாக்கலாமா?

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கோயிலின் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். மகன் கைப்பேசியில் படம் பிடிக்கிறான். படம் பளிச்சென்று விழுகிறது. 216 அடி உயர விமானமும் அதில் உள்ள சிற்பங்களும் தெளிவாகத் தெரிகின்றன.

அன்று மாலையே அவன் அந்தப் படத்தைச் சிறிதாக்கி இணையத்தில் ஏற்றுகிறான். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை அதைப் பார்க்கிறாள்.

"ஏண்டா தம்பி, கோயில் ஏன் இப்படிக் கொரகொரவென்று இருக்கிறது? அண்ணியின் கட்டம் போட்ட புடவையில் ஏதோ அலை அலையாக ஓடுகிறதே!" என்று கேட்கிறாள்.

கைப்பேசியின் மீது குற்றம் இல்லை. படத்தைச் சுருக்கிய முறையில்தான் கோளாறு!

எத்தனை புள்ளிகள்?

கைப்பேசிப் படம் என்பது வண்ணப் புள்ளிகளின் கூட்டம். இந்தப் புள்ளிக்குப் 'பிக்சல்' என்று பெயர். அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி இருந்தால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்!

இணையத்தில் பார்ப்பதற்கு இவ்வளவு தேவையில்லை. 1600க்கு 1200 என்று சுருக்கினால், 19 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள். பெரும்பாலும் இதுவே போதும். படம் சீக்கிரம் திறக்கும். பார்ப்பவருக்கும் செலவு குறையும்.

ஆனால், ஏறக்குறைய ஆறு புள்ளிகள் இருந்த இடத்தில் இனி ஒரு புள்ளிதான் இருக்கும். அந்த ஒன்று எது?

குத்தூசி சொல்லும் பாடம்

நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசியைக் குத்தி நெல் எடுத்துப் பார்க்கிறார். ஒரே இடத்தில் குத்தினால் அங்கே இருக்கும் பதர் மட்டும் வரலாம். நல்ல நெல் மட்டும் வரலாம். நாலு இடத்தில் குத்தி, கலந்து பார்த்தால்தான் மூட்டையின் உண்மையான தரம் தெரியும்.

படமும் அப்படித்தான். மட்டமான முறையில் சுருக்கினால், ஆறு புள்ளியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை வீசி எறியப்படும். புடவைக் கட்டத்தின் மெல்லிய கோடுகளில் சில விழும், சில விடுபடும். அதனால்தான் அலை அலையாகத் தெரிகிறது! நல்ல முறையோ, பக்கத்துப் புள்ளிகளின் வண்ணங்களைக் கலந்து புதிய புள்ளியை உண்டாக்குகிறது. கணினியில் படம் திருத்தும் நல்ல மென்பொருள்களில் இந்த வசதி உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நகலில்தான் கை வைக்க வேண்டும். மூலப்படத்தைத் தொடக் கூடாது.

தேவையில்லாத ஓரங்களை வெட்டிவிட வேண்டும். பிறகு அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். அகலத்தை மட்டும் குறைத்தால் அப்பா ஒட்டடைக் குச்சி ஆகிவிடுவார்! உயரத்தை மட்டும் குறைத்தால் கோயில் குள்ளமாகிவிடும்!

சுருக்கியதும் படம் சற்று மழுங்கியதுபோல் இருக்கும். அப்போது கூர்மையைக் கொஞ்சம் கூட்டலாம். அளவு மீறினால் உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும்.

சேமிக்கும்போது தரம் எவ்வளவு என்று மென்பொருள் கேட்கும். 100க்கு 80 முதல் 90 வரை வைத்தால் போதும். 'ஜேபெக்' படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். சிறிய படத்தை மறுபடியும் பெரிதாக்கினால் போன புள்ளிகள் திரும்பி வாரா.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், அதுவே படத்தைச் சுருக்கிவிடும். மூலப்படம் அப்படியே போய்ச் சேர வேண்டுமானால், 'டாகுமென்ட்' என்ற வழியில் அனுப்ப வேண்டும்.

சிலையை மீட்க உதவிய படம்

மூலப்படத்தைக் காப்பாற்று என்று ஏன் இத்தனை முறை சொல்ல வேண்டும்? இதோ ஒரு நிகழ்ச்சி.

தஞ்சைக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் இருக்கிறது ஸ்ரீபுரந்தான் என்ற சிற்றூர். அங்குள்ள சோழர் காலத்துக் கோயிலில் இருந்த நடராசர் சிலை திருட்டுப் போயிற்று. கடல் கடந்தது. 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது!

"இது எங்கள் ஊர்ச் சிலை" என்று வாயால் சொன்னால் போதுமா? சாட்சி வேண்டுமே!

சாட்சி புதுச்சேரியில் இருந்தது. அங்கே 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்துப் பாதுகாத்து வந்தது. பிலிம் காலத்துப் படங்கள் அவை. அவற்றில் ஸ்ரீபுரந்தான் நடராசரும் இருந்தார்! படத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே சிலைதான் என்று தெரிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தபோது சிலையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் படத்தைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கிவிட்டு, மூலத்தை எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்!

நம் வீட்டிலும் பாட்டியின் முகம் இருக்கிறது; ஊர்த் தேர் இருக்கிறது; பழைய பத்திரத்தின் படம் இருக்கிறது. ஊருக்குக் காட்டச் சிறிய படம் போதும். வீட்டில் பெரிய படம் பத்திரமாக இருக்க வேண்டும்.

எவ்வளவு முடை வந்தாலும் விதைநெல்லை உலையில் போட மாட்டார் தஞ்சை விவசாயி. மூலப்படமும் விதைநெல்தான்!