கையில் 40,000 டாலர், கனவில் ஒரு விமானம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிராஸ்வில் என்றொரு சிற்றூர். 1937-இல் அங்கிருந்து மஞ்சள் தாளில் அச்சாகி வரத் தொடங்கிய ‘டிரேட்-எ-பிளேன்’ என்ற விளம்பர இதழில்தான், சிறு விமானம் விற்பவரும் வாங்குபவரும் தலைமுறை தலைமுறையாகச் சந்தித்துக்கொண்டார்கள். இன்று அந்த விளம்பரங்களைத் திரையிலேயே புரட்டலாம். புரட்டுகிறவருக்கு முதலில் வருவது வியப்பு. இருவர் அமர்ந்து பறக்கும் ‘செஸ்னா 150’ அங்கே 30,000 டாலரிலிருந்து 50,000 டாலருக்குள் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஒரு புதுக் காரின் விலையும் ஏறக்குறைய அதுதான். கோடீஸ்வரர்கள் மட்டுமே சொந்த விமானம் வைத்திருக்க முடியும் என்ற நினைப்பு அந்த நாட்டைப் பொறுத்தவரை தவறு. மாதச் சம்பளக்காரர்கள் பலர் அங்கே விமானம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே, பறக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் விமானத்தை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் செய்த பிழை ஒன்றுதான்: விலையைப் பார்த்தார்கள், அந்த விமானம் இதுவரை எப்படி வாழ்ந்தது என்று பார்க்கவில்லை.

குறைந்த பட்ஜெட்டில் கிடைக்கும் விமானம் ஏன் எப்போதும் பழையதாகவே இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1978-இல் அமெரிக்க நிறுவனங்கள் 17,811 சிறு விமானங்களை விற்றன. 1994-இல் அந்த எண்ணிக்கை 928-க்குச் சரிந்தது. பொருளாதார மந்தம் ஒரு காரணம். இன்னொன்று நீதிமன்றம். முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த விமானம் விழுந்தாலும் செய்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம் என்ற நிலை இருந்தது. அதற்கான காப்பீட்டுச் செலவு ஒவ்வொரு புது விமானத்தின் விலையிலும் ஏறியது. 1986-இல் செஸ்னா தன் சிறிய பிஸ்டன் விமானங்களின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. விமானத்துக்கு 18 வயது தாண்டிவிட்டால் தயாரிப்பாளர் மீது வழக்குப் போட முடியாது என்ற சட்டத்தில் 1994-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 1996-இல் கான்சாஸ் மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் செஸ்னா மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது.

அப்போது நான்கு இருக்கை கொண்ட 172 திரும்பி வந்தது. இரண்டு இருக்கை கொண்ட 150 வரவில்லை. 150-இன் உற்பத்தி 1977-இல் முடிந்தது, அதன் தம்பியான 152-இன் உற்பத்தி 1985-இல். புதிய 172 இன்று 4 லட்சம் டாலருக்கு மேல். ஆகவே கையில் 40,000 டாலர் வைத்திருப்பவர் வாங்கப்போவது நாற்பது, ஐம்பது வயதான விமானத்தைத்தான்.

வயதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒவ்வொரு சிறு விமானமும் 12 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனைக்கு உட்பட்டாக வேண்டும். இதற்கென்று தனி அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்து, பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் கையெழுத்திட்டால்தான் அது மேலே எழும்பலாம். ஒரு ரகத்தில் ஆபத்தான குறை தெரியவந்தால், நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அந்த ரகம் முழுமைக்கும் உத்தரவு போடும். உரிமையாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளம் இதற்கு நல்ல உதாரணம். தண்டவாளத்தில் உள்ள துளைகள் தேய்ந்துபோனால், விமானம் ஓடுபாதையிலிருந்து எழும்பும் நேரத்தில் விமானியின் இருக்கை பின்னுக்குச் சறுக்கிவிடும். கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பின்னால் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உயிர்கள் போன பிறகு, அந்தத் தண்டவாளத்தை அளந்து பார்ப்பது கட்டாயமானது. பழைய செஸ்னா வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

எந்த விமானம்? முதல்முறை வாங்குபவருக்கு எளிமையே பாதுகாப்பு. மடங்காத சக்கரம், கோணம் மாறாத விசிறி, நாட்டில் எங்கே போனாலும் தெரிந்த எஞ்சின். இந்த மூன்றும் இருந்தால் உதிரிபாகம் கிடைக்கும், மெக்கானிக் கிடைப்பார், காப்பீட்டு நிறுவனமும் தயங்காது. செஸ்னா 150, 152, பைப்பர் நிறுவனத்தின் ‘செரோக்கி 140’, கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 1960, 70-களின் செஸ்னா 172 என்று பட்டியல் சிறியதுதான். 172 ரகத்தில் மட்டும் 44,000-க்கும் மேல் செய்யப்பட்டிருக்கின்றன. உலகில் வேறு எந்த விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

150 வாங்க நினைப்பவர் எடையைக் கூட்டிப் பார்த்துவிட வேண்டும். அதன் மொத்த எடை வரம்பு 1,600 பவுண்டு, அதாவது 726 கிலோ. விமானத்தின் சொந்த எடையைக் கழித்தால் சுமார் 220 கிலோ மிஞ்சும். தொட்டியை நிரப்பினால் எரிபொருளுக்கே 60 கிலோ போய்விடும். மீதி 160 கிலோவில் இரண்டு பேர், பைகள், எல்லாம் அடங்க வேண்டும். சற்றுப் பருமனான விமானிக்கும் அவர் நண்பருக்கும் பாதித் தொட்டிதான் வாய்க்கும்.

இன்னொரு வகை விமானங்கள் இளகிய மனத்தை எளிதில் இழுக்கும். ஒரு காலத்தில் பெரும் விலைக்குப் போன, வேகமான, சக்கரம் மடங்கும் விமானங்கள் இன்று குறைந்த விலைக்கு விளம்பரத்தில் வரும். பைப்பர் ‘கமாஞ்சி’ அப்படி ஒரு அழகி. 1972-இல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் தொழிற்சாலைக்குள் புகுந்ததோடு அதன் உற்பத்தி முடிந்துபோனது. ‘வி’ வடிவ வாலுள்ள ‘பொனான்சா’ என்ற இன்னொரு விமானத்தின் வால் இறக்கைகளுக்கு மெக்னீசியத் தகடு போர்த்தியிருப்பார்கள். அது அரித்துப்போனால் மாற்றுத் தகடு தேடி அலைய வேண்டும். வாங்கும் விலை இறங்கலாம், பராமரிப்புச் செலவு ஒருபோதும் இறங்காது. இவை இரண்டாவது விமானமாக வாங்க வேண்டியவை.

இனி எஞ்சின். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது, பெரிய பழுதுபார்ப்புக்குப் பின் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண். 150-இல் உள்ள கான்டினென்டல் ஓ-200 எஞ்சினை 1,800 மணிக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரைச் சட்டம் அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. நல்ல பழக்கத்தில் இருக்கும் எஞ்சின் அதைத் தாண்டியும் ஓடும். புதுப்பிக்கும் செலவோ 30,000 டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். சில சமயம் விமானத்தின் விலையே அவ்வளவுதான்.

இதனால் மணிக்கணக்கு குறைவாக உள்ள எஞ்சினைத் தேடுவது இயல்பு. சறுக்குவதும் இங்கேதான். ‘பத்து ஆண்டுகளில் 80 மணி நேரமே ஓடியது’ என்ற விளம்பரம் கேட்க இனிமையாக இருக்கும்; உண்மையில் அது எச்சரிக்கை மணி. ஓடாத எஞ்சினில் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும், ஈரம் தங்கும், துரு பிடிக்கும். 1968 முதல் வந்த 172-களிலும் செரோக்கியிலும் உள்ள லைகமிங் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேற்புறத்தில் இருப்பதால், அதன் மேல் உள்ள எண்ணெய்ப் படலம் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. துருவேறிய கேம்ஷாஃப்ட் அடுத்த நூறு, இருநூறு மணி நேரத்தில் தேய்ந்து உலோகத் துகளாக எண்ணெய் வடிகட்டியில் வந்து சேரும். ஆண்டுக்கு நூறு மணி நேரம் தவறாமல் பறந்து 1,200 மணியைத் தொட்ட எஞ்சின், கொட்டகையில் உறங்கிய 80 மணி எஞ்சினைவிடப் பல சமயம் நம்பகமானது. ஃபுளோரிடா போன்ற கடலோர மாநிலங்களில் திறந்தவெளியில் நின்ற விமானமென்றால் எஞ்சினோடு இறக்கையின் உட்புறத்தையும் பார்த்தாக வேண்டும். உப்புக் காற்று அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும்.

விமானத்தின் வாழ்க்கையைச் சொல்லும் சாட்சி லாக்புக். 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில், பயிற்சிப் பறப்பில் இருந்த பைப்பர் ‘ஆரோ’ ஒன்றின் இறக்கை காற்றிலேயே கழன்றது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் விட்டத்தில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்திருந்ததை விசாரணை கண்டறிந்தது. அதன்பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த பல பைப்பர் விமானங்களுக்கு எஃப்.ஏ.ஏ. சோதனையைக் கட்டாயமாக்கியது. எந்த விமானத்துக்கு எப்போது சோதனை என்பதைத் தீர்மானிக்க அது எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் கவனிக்க வேண்டியது. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடும் விமானங்களுக்கு 100 மணிக்கு ஒருமுறை தனிப் பரிசோதனை உண்டு. அந்தப் பரிசோதனை எத்தனை முறை நடந்தது என்று லாக்புக்கில் எண்ணினால், விமானம் எவ்வளவு காலம் பயிற்சிப் பள்ளியில் அடிபட்டது என்று தெரிந்துவிடும். பக்கங்கள் காணாமல் போயிருந்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. லாக்புக் இல்லாத விமானத்தின் விலை சரிவது நியாயமே.

உரிமைப் பத்திரம் தனி விஷயம். நம் ஊரில் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுபோல, அமெரிக்காவில் விமானத்துக்கு ஓக்லஹோமா நகரில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ வாங்கிய கடன் அடைந்த பிறகும் பதிவில் அப்படியே நிற்கும்; கூலி வராத மெக்கானிக் உரிமை கோரியிருப்பார். இதற்கென்றே உள்ள நிறுவனங்கள் சிறு கட்டணத்தில் தேடித் தருகின்றன. பணத்தை அவர்களிடமே ஒப்படைத்து, பத்திரம் கைமாறிய பின் விற்பவருக்குப் போகும்படி செய்வது நல்லது.

அடுத்தது வாங்கும் முன் நடக்கும் பரிசோதனை. சட்டத்தில் இதற்கு இலக்கணம் எதுவும் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று வாங்குபவரே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விமானத்தை இதுவரை பராமரித்த மெக்கானிக்கை இதற்கு அழைக்கக் கூடாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போடும் நிலையில் அவரை வைப்பது சரியல்ல. ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 பவுண்டு அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். 70-க்கு மேல் இருந்தால் நிம்மதி. நுண்கேமராவை உள்ளே விட்டு வால்வுகளைப் படம் எடுப்பதும், எண்ணெய் வடிகட்டியை வெட்டித் துகள் தேடுவதும் அதைவிட அதிகம் சொல்லும். இதற்குச் சில நூறு டாலரோ, அதற்கு மேலோ செலவாகும். குறை தெரிந்து வாங்காமல் திரும்பினால் அந்தப் பணம் வீண் என்று தோன்றும். ஒரு எஞ்சின் விலையைக் காப்பாற்றிய பணம் அது.

சொந்த விமானம் கட்டுப்படியாகுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஸ்னா 150-ஐத் திறந்தவெளியில் நிறுத்த மாதம் 100 டாலர், காப்பீடு ஆண்டுக்கு 1,000, ஆண்டுப் பரிசோதனை 2,000, எதிர்பாராத பழுதுகளுக்கு 2,000 என்று வைத்துக்கொண்டால், பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆண்டுக்கு 6,200 டாலர். பறக்கும்போது மணிக்கு 6 கேலன் எரிபொருள். கேலன் 6 டாலர் என்றால் 36 டாலர். எதிர்கால எஞ்சின் செலவுக்கு மணிக்கு 17 டாலர் ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு 100 மணி நேரம் பறந்தால் மணிக்கு 115 டாலர் அடங்கும். 30 மணி நேரமே பறந்தால் அதுவே 260 டாலர். ஆண்டுக்கு முப்பது மணி நேரம் பறப்பவருக்கு வாடகை விமானமே போதும். அப்படிப்பட்டவர் சொந்தமாக வாங்கினால் பணமும் போகும், விமானமும் நின்று துருவேறும்.

இதற்கு அமெரிக்கர்கள் கண்ட நல்ல வழி கூட்டு. இருவர் அல்லது நால்வர் சேர்ந்து ஒரு விமானம் வாங்கினால், 6,200 டாலர் நான்காகப் பிரியும். விமானம் சும்மா நிற்காது என்பதால் எஞ்சினுக்கும் அது நல்லது. யார் எப்போது எடுப்பது, ஒருவர் விலகினால் பங்குக்கு என்ன விலை, பெரிய செலவு வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். 1939-இல் தொடங்கிய விமான உரிமையாளர்கள் மற்றும் விமானிகள் சங்கம், அதாவது ஏ.ஓ.பி.ஏ., பறக்கும் கிளப் தொடங்க விரும்புவோருக்கு வழிகாட்டுகிறது. பட்ஜெட் மிகவும் இறுக்கமாக உள்ளவர்கள் தனியாக ஒரு மோசமான விமானத்தை வாங்குவதைவிட, கூட்டாக ஒரு நல்ல விமானத்தை வாங்குவதே மேல்.

2025 அக்டோபரில் ஒரு விதி மாறியிருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தையே உடல்தகுதிச் சான்றாகக் காட்டிப் பறக்கும் ‘ஸ்போர்ட்’ விமானிகள் இதுவரை மிக இலேசான விமானங்களை மட்டுமே ஓட்ட முடிந்தது. இப்போது 172, செரோக்கி போன்றவையும் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன. ஏற்றிச் செல்லக்கூடிய பயணி மட்டும் ஒருவர்தான். சந்தைக்குப் புதிய வாங்குநர்கள் வருவார்கள் என்பதால், நல்ல விமானம் விளம்பரத்தில் வெகுநாள் நிற்காது.

அந்த அவசரத்துக்கு ஆளாகிவிட வேண்டாம். கையில் 40,000 டாலர் இருந்தால் 30,000-க்கு வாங்கக்கூடியதைத் தேடுங்கள். மீதி 10,000 டாலர், முதல் ஆண்டுப் பரிசோதனைக்காக வங்கியில் இருக்கட்டும். முன்பணம் கொடுக்குமுன் லாக்புக்கின் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாதாட வேண்டாம், அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.