கச்சான் காற்றும் விண்கலக் கவசமும்

கச்சான் வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் கோமாரிப் பக்கம் சென்றவர்கள் அதன் வெம்மையை நன்கறிவர். மேற்கே மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக இறங்கிவரும் அது, கடற்கரை வரையுள்ள புல்லையும் பற்றையையும் சருகாக்கி விடுகிறது. அக்காலத்தில் ஒரு தீப்பொறி போதும்.

சென்ற கச்சானில் மாணவர் சிலருடன் அவ்வழியே சென்றபோது பற்றைக்காடொன்று எரியக் கண்டோம். ஊரவர் சிலர், இடுப்பிற் சாரமும் கையிற் பச்சைக் கொப்புமாக நின்று, நெருப்பை அடித்து அணைத்துக்கொண்டிருந்தனர். "சேர், விண்வெளியிலிருந்து நெருப்புக் கோளமாக வரும் கலத்துக்குள் மனிதன் உயிரோடு இருக்கிறானே, அந்தக் கவசத்தில் ஒரு துண்டை இவர்களுக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டான் ஒரு மாணவன். சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியன்று அது. அமெரிக்க விஞ்ஞானிகளும் அதையே ஆராய்ந்தனர். ஆனால் பத்தொன்பது உயிர்கள் மாண்ட பின்னர்.

2013 ஜூன் 30ஆம் நாள் அரிசோனா மாநிலத்தின் யார்னெல் பகுதியில் காற்றின் திசை மாறவே, தீயணைப்பு வீரர் 19 பேரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. அந்நாட்டில் 1977 முதல் கட்டாயமாக்கப்பட்ட, மடித்துச் சுமக்கும் சிறு கூடாரங்களை விரித்து அவற்றுள் படுத்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை.

காரணம் யாது? வெப்பம் வரும் வழிகளை நோக்கின் விளங்கும். வெயிலைப்போலத் தொலைவிலிருந்து கதிராக வருவது ஒன்று. அதைக் கூடாரத்தின் அலுமினியத் தகடு கண்ணாடிபோல் திருப்பியனுப்பிவிடும். சுடுவாயுவாகவும் சுவாலையாகவும் வந்து தொடுவது மற்றொன்று. தகட்டைத் துணியோடு பிணைக்கும் பசை ஏறக்குறைய 260 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்க, காற்று தகட்டைக் கிழித்தெறிகிறது. காட்டுத்தீயின் சுவாலையோ அதனினும் பன்மடங்கு கொடியது.

அச்சமயம் நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தார், விண்கலங்களுக்காக ஊதி விரியும் வெப்பக் கவசமொன்றை ஆக்கிக்கொண்டிருந்தனர். மேலே தீயைத் தாங்கும் நெசவு; நடுவே வெப்பத்தை எளிதிற் கடத்தாத அடுக்கு; உள்ளே சுடுவாயு புகாத படலம். இவ்வமைப்பைக் கொண்டு, வனத்துறையுடன் சேர்ந்து புதிய கூடாரங்களைச் செய்து எரித்துப் பார்த்தனர். சில மாதிரிகள் பழையதைவிட நெடுநேரம் தாங்கின.

ஆயினும் 2019இல் பழைய கூடாரத்தையே தொடர்வதென முடிவாயிற்று. பாரமும் பருமனும் முக்கியமான தடைகளாயின. பழையதன் நிறையே ஏறக்குறைய 2 கிலோகிராம். விண்ணிற் கவசத்தைச் சுமப்பது ராக்கெட். காட்டிற் சுமப்பது மனித முதுகு. சுமையாற் களைத்தவன் விரைந்து தப்பியோட மாட்டானல்லவா?

எனினும் முயற்சிகள் யாவும் வீண்போவதில்லை. 1967இல் அப்பலோ கலத்தில் நேர்ந்த தீயில் மூவர் மாண்டபின் விண்வெளி வீரருக்காக வளர்க்கப்பட்ட 'பி.பி.ஐ.' என்னும் இழை, பின்னர் தீயணைப்பாளரின் மேலங்கிகளுக்கு வந்தது. 2007இல் இந்தியா விண்ணுக்கு அனுப்பி மீட்ட கலம், சிலிக்கா ஓடுகள் போர்த்து வந்திறங்கியது நம் கரையில் அலைவீசும் இதே வங்கக் கடலிற்றான்.

அந்த வித்தை கொப்பேந்திய கைகளுக்கு வரும்வரை, அறிவே நம் கவசம். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில், மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் தீக்கிரையானதை மறக்கலாகாது. தீ சரிவில் மேல்நோக்கியே விரைந்தோடும். சுவாலை சாய்ந்து மேலுள்ள புல்லை முன்னரே காய்ச்சிவிடுவதே காரணம். ஆகவே தீக்கு மேலே ஏறி ஓடுதல் ஆபத்து. எரிந்து தணிந்த வெறுநிலம் கிட்டுமாயின் அதுவே பாதுகாப்பு. நைலோன், பொலியெஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்தியே நன்று.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு விளக்கியபோது, கேள்வி கேட்டவன், "அப்படியென்றால் பாரம் குறைந்த கவசத்தை இனித்தான் கண்டுபிடிக்க வேண்டும், சேர்" என்றான். ஆம், தம்பி. அதை நீயே கண்டுபிடித்தால் கோமாரி மட்டுமன்று, உலகமே உன்னை வாழ்த்தும்.