சோபாவின் ஆயுள் அதன் மூட்டில்

வீடுகளிலிருந்து கழித்துப் போடப்பட்டுக் குப்பைமேட்டைச் சேரும் சோபாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க யாருக்கேனும் பொறுமை இருக்குமானால், அவற்றுள் பல முழுவதும் கெட்டுப் போனவை அல்ல என்பதும், சட்டம் உறுதியாக இருக்க மெத்தை மட்டும் பள்ளம் விழுந்தோ, மெத்தை நன்றாக இருக்கத் துணி மட்டும் நைந்தோ, துணியும் மெத்தையும் செம்மையாக இருக்க ஒரு கால் மட்டும் ஆட்டங்கண்டோ, அந்த ஓர் அங்கத்தின் குறைக்காக மற்றெல்லா அங்கங்களும் வெளியே தள்ளப்பட்டன என்பதும் அவருக்கு விளங்கும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கணக்கின்படி, 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் கழித்த சோபா, மேஜை, நாற்காலி, மெத்தை முதலிய சாமான்களின் எடை 1 கோடியே 21 லட்சம் டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு மண்ணில் புதைக்கப்பட்டது. 1960இல் இந்த எடை 22 லட்சம் டன்னாகவே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டு ஜனத்தொகை இரட்டிக்கக்கூட இல்லையாதலால், கழிவு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியதற்குக் காரணத்தை மக்கள் பெருக்கத்தில் மட்டும் தேடுவதில் பயனில்லை. பொருள் செய்யப்படும் முறையிலும் தேட வேண்டும்.

சோபா பார்வைக்கு ஒரே பொருள்போலத் தோன்றினாலும், உண்மையில் அது வெவ்வேறு ஆயுளை உடைய நான்கைந்து பதார்த்தங்களின் சேர்க்கை. முற்றிய மரத்தால் இழைத்த சட்டம் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். எஃகு ஸ்பிரிங் பல்லாண்டு தாங்கும். அதன்மேல் வைக்கும் ஃபோம் தன் தரத்துக்கேற்பச் சில ஆண்டுகளிலேயே தளரத் தொடங்கும். துணியோ, குழந்தைகளும் ஜன்னல் வெயிலும் உள்ள வீட்டில் அதற்கும் முன்பே வெளிறிவிடும். இப்படி ஆயுளில் ஏற்றத்தாழ்வுள்ள பொருள்களை ஒன்றோடொன்று பசையால் ஒட்டி, ஸ்டேபிள் பின்களால் எண்ணற்ற இடங்களில் அறைந்து, திறக்க முடியாதபடி தைத்து மூடிய பிறகு, முழுப் பொருளின் ஆயுள் அதிலுள்ள மிகக் குறுகிய ஆயுளுக்குச் சமமாகிவிடுகிறது. நீடித்து உழைக்கும் சோபாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்த மரம், எந்த ஃபோம், எந்தத் துணி என்றே பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். அவை எந்தப் பொருள்கள் என்பதைக் காட்டிலும், எவ்விதம் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதே முதலில் விசாரிக்கத் தக்கது என்பது என் துணிபு.

இந்த விவேகம் புதியதன்று. நம் கிராமத்துக் கயிற்றுக் கட்டிலில் காலும் சட்டமும் துளையும் கழுந்துமாகப் பொருந்தியிருக்க, கயிறு தனியே பின்னப்பட்டிருக்கும். தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டுவார்கள், இற்றுப் போனால் கயிற்றை மட்டும் மாற்றுவார்கள், கட்டில் பேரன் காலத்துக்கும் இருக்கும். ஐரோப்பாவில், 1859ஆம் ஆண்டில் மைக்கேல் தோனெட் என்பவர் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த பீச் மரத் துண்டுகள் ஆறும், திருகாணிகள் பத்தும், நட்டுகள் இரண்டும் கொண்டு பூட்டப்பட்டது. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் அடங்கின. கப்பலில் இடம் மிச்சமாவது அதன் வியாபார லாபம். ஒரு துண்டு முறிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக் கொள்ளலாம் என்பது வாங்கியவருடைய லாபம். மெத்தை வைத்த ஆசனங்களை ஒட்டியும் அறைந்தும் செய்யும் வழக்கம் பரவியபோது இவ்விரண்டாவது லாபம் மறக்கப்பட்டது.

மறதிக்கு முக்கிய காரணமாக இருந்தது பாலியூரித்தேன் ஃபோம். ஜெர்மனியில் லெவர்குசன் நகரத்து ஆய்வுக் கூடத்தில் 1937இல் ஆட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரும் அவருடைய துணைவர்களும் கண்ட பாலியூரித்தேன், 1950களில் மென்மையான ஃபோமாகச் சந்தைக்கு வந்தது. பாலியால் எனும் திரவமும் ஐசோசயனேட் எனும் திரவமும் கலக்கும்போது அவற்றின் மூலக்கூறுகள் நாற்புறமும் கைகோத்து வலையாகப் பிணைகின்றன. கூடவே சேர்க்கப்படும் சிறிதளவு நீர் ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட, அந்த வாயு கலவையை உப்ப வைத்து, இறுகுவதற்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகளை உண்டாக்குகிறது. கடைகளில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று சொல்லும் எண், ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதைக் குறிப்பதேயன்றி அதன் கடினத்தைக் குறிப்பதன்று. 32 கிலோ ஃபோமில் பருப்பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்குதான். மீதி 97 பங்கும் காற்று. அந்த மெல்லிய அறைச்சுவர்கள் நாள்தோறும் நசுங்கி நிமிர்ந்து, வெப்பமும் ஈரமும் ஒளியும் படப்பட, ஒன்றன்பின் ஒன்றாக முறிகின்றன. நாம் பள்ளம் என்று சொல்வது அதைத்தான். டென்சிட்டி கூடுதலான ஃபோமில் தாங்குவதற்குப் பொருள் அதிகமாதலால் அது அவ்வளவு விரைவில் தளராது. ஆனால், எந்த ஃபோமானாலும் அதை உருக்கி மறுவார்ப்புச் செய்ய இயலாது. வலையாகப் பிணைந்த மூலக்கூறுகள் சூட்டில் இளகுவதில்லை, கருகவே செய்கின்றன. துண்டுதுண்டாக்கிப் பசையிட்டு அழுத்திக் கம்பளத்தின் அடிவிரிப்பாகச் செய்யலாம். ரசாயன முறையில் மீண்டும் பாலியாலாகச் சிதைக்கவும் வழி உண்டு. எந்த வழியானாலும் ஃபோம் துணியும் பசையும் பின்னும் ஒட்டாமல் சுத்தமாகத் தனியே கிடைத்தாக வேண்டும்.

அப்படித் தனியே கிடைக்காததால் நேரும் தீங்குக்கு இங்கிலாந்தின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. பாலியூரித்தேன் தீப்பற்றினால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கொடிய புகையைக் கக்கும். இந்த ஆபத்தைக் கருதிப் பிரிட்டிஷ் அரசு 1988இல் கடுமையான தீப் பாதுகாப்பு விதிகளை இயற்றியது. அவற்றை நிறைவேற்றத் தொழிலதிபர்கள் துணியிலும் ஃபோமிலும் புரோமின் சேர்ந்த தீத்தடுப்பு ரசாயனங்களை ஏராளமாகக் கலந்தனர். இவற்றுள் முக்கியமான வகை ஃபோமோடு ரசாயனப் பிணைப்புக் கொள்ளாமல் வெறுமே கலந்திருப்பதால், காலப்போக்கில் கசிந்து வீட்டுத் தூசியில் சேர்ந்தது. எளிதில் சிதையாமல் உயிர்களின் கொழுப்பில் தங்கும் இயல்பும் உடையது. நிலைத்து நிற்கும் கரிம மாசுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவ்வகையில் சிலவற்றை 2009இலும், டெகா எனப்படும் கலவையை 2017இலும் விலக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. விளைவு என்ன? 2023 தொடக்கம் முதல் இங்கிலாந்தில், இந்த ரசாயனம் கலந்த சோபாக் கழிவைப் புதைக்கவும் கூடாது, மறுசுழற்சிக்கு அனுப்பவும் கூடாது. மற்றக் குப்பையோடு சேராமல் பிரித்து எரித்தே அழிக்க வேண்டும். உறையில் ஒட்டிய விஷம் ஃபோமையும், ஃபோமில் கலந்த விஷம் சட்டத்தையும், ஒன்றாக ஒட்டப்பட்ட ஒரே குற்றத்துக்காகத் தீக்கிரையாக்குகிறது. அமெரிக்கக் கலிபோர்னியா மாநிலமோ, ஃபோமை நேரே தீச்சுடரில் காட்டிச் சோதிக்கும் 1975ஆம் ஆண்டு விதியை 2013இல் கைவிட்டு, நெருப்பு முதலில் தொடும் உறையே புகைந்து பரவாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை மேற்கொண்டது. அதன்பின் அங்கே ரசாயனம் கலக்காமலே விதியை நிறைவேற்ற முடிந்தது.

தனித்தனிப் பகுதிகளைச் சேர்த்து ஒரு சோபாவாக்கும் மாடுலர் முறை பிறந்தது பாதுகாப்புக்காகவோ சிக்கனத்துக்காகவோ அன்று, இடத்துக்காக. 1940களில் நியூயார்க்கில் ஹார்வி புரோபர் என்ற வடிவமைப்பாளர் அதன் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். பகலில் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் விருந்து நாளில் பந்திக்கட்டாகவும் ஒரே அறை வேஷம் மாற வேண்டிய அடுக்குமாடி வாழ்க்கைக்கு, மூன்று பேர் அமரும் ஒற்றைச் சோபா எத்தனை இடையூறு என்பதை அதை மாடிப்படித் திருப்பத்தில் தூக்கிச் சென்று தவித்தவர்கள் அறிவார்கள். இந்த முறையின் மிக அழகிய உதாரணம் 1970இல் இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி படைத்த ‘கமலேயோண்டா’. சுமார் 90 சென்டிமீட்டர்ச் சதுர இருக்கைகள். அவற்றோடு தனியே முதுகுச் சாய்வும் கைச்சாய்வும். எல்லாவற்றையும் இணைப்பவை கம்பி வடமும் கொக்கியும் வளையமுமே. கொக்கியைக் கழற்றினால் சோபா பிரிந்து நான்கு நாற்காலியாகும், சேர்த்தால் கட்டிலாகும், சாய்வை எடுத்து விட்டால் திண்ணையாகும். 1972இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் இத்தாலிய வீட்டுப் பொருள்களுக்கென நடத்திய புகழ்பெற்ற கண்காட்சியில் அதுவும் இடம்பெற்றது. 1970களின் இறுதியில் உற்பத்தி நின்றது. 2020இல், முன்பு அதைச் செய்துவந்த இத்தாலிய நிறுவனம் மறுபடி அதைச் செய்யத் தொடங்கியபோது, வெளிப்புறத்துக் கொக்கிகளை மட்டுமின்றி உள்ளே இருக்கும் பொருள்களையும் முற்றிலும் பிரித்தெடுக்கக் கூடியபடி அமைத்தது. ஐம்பது ஆண்டுகளில் வடிவமைப்பின் சிந்தனை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதற்கு இந்த மாறுதலே சாட்சி: முதலில் இடத்துக்கேற்பப் பிரிப்பது, பிறகு பழுதுக்கேற்பப் பிரிப்பது.

இரண்டாவது நோக்கத்தை முதலிலேயே வைத்துப் பிறந்தது, மியூனிக் நகரத்து ஸ்டெஃபான் டீஸ் 2021இல் மாகிஸ் என்ற இத்தாலிய நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘காஸ்ட்யூம்’. அதன் உடல், கழிவிலிருந்து மீட்ட பாலிஎத்திலீனால் வார்த்த கூடு. பாலிஎத்திலீன் சூட்டில் இளகும் பிளாஸ்டிக்காதலால் ஆயுள் முடிந்த பின்னும் அதை உருக்கி மறுபடி வார்க்கலாம். மெத்தையில் ஃபோமின் பெரும்பகுதிக்குப் பதிலாக ஸ்பிரிங்குகள். உறையைப் பிடித்து நிறுத்துவன மாட்டிக் கழற்றக் கூடிய மீள்நாண் வளையங்கள். உறையைத் துவைக்கலாம், வேறு நிறத்தில் மாற்றலாம். வீட்டுக்காரர் கையாலேயே செய்யலாம். பசையை விலக்குவது என்ற ஒரு சங்கற்பத்திலிருந்து எத்தனை வசதிகள் தாமாகப் பிறக்கின்றன என்பதை இதில் காண்கிறோம்.

ஆனால் பகுதிகளாகப் பிரிவது மட்டுமே ஒரு சோபாவை உலகுக்கு நன்மை செய்வதாக ஆக்கிவிடாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சட்டமும் காலும் மறைபக்கத் துணியும் வேண்டியிருப்பதால், அதே நீளமுள்ள ஒற்றைச் சோபாவைவிட இதில் பொருட்செலவு கூடலாம். அக்கூடுதலை நீண்ட உபயோகத்தால் ஈடுகட்டினால்தான் நியாயம். மூட்டின் தரமும் அவ்வாறே. பார்ட்டிகிள் போர்டில் நேரே முடுக்கிய திருகாணி முதல் முறை நன்றாகப் பிடிக்கும். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் துளையிலுள்ள மரத்தூள் உதிர்ந்து பிடி நழுவும். உள்மரை வெட்டிய சிறு உலோகக் குழலை முதலில் பலகையில் பதித்து, அதில் போல்ட்டை முடுக்குவதே பலமுறை பிரித்துக் கட்டுவதற்கு ஏற்றது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழலின் அற்ப விலையை மிச்சப்படுத்திச் செய்யப்படும் ‘மாடுலர்’ சோபாக்கள், பெயரளவில் மட்டுமே பிரியக் கூடியவை. எல்லாவற்றிலும் பெரிய நிபந்தனை, தொடர்ச்சி. இன்று வாங்கிய இருக்கைக்குப் பத்தாண்டு கழித்து ஒரு துணை இருக்கையோ ஓர் உறையோ அதே அளவில் கிடைக்காவிட்டால் அது தொகுதி அன்று, தனிப் பொருள்தான்.

மூட்டுச் சரியாக அமைந்த பிறகே பொருளின் விசாரணைக்குப் பொருள் உண்டு; அந்த விசாரணையில் நம் நாட்டுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நாரைச் சுருளாக முறுக்கிப் பிரித்து, அதன்மேல் ரப்பர்ப் பாலைத் தெளித்து, அச்சிலிட்டு அழுத்திச் சூடேற்றினால் காற்றோட்டமுள்ள ரப்பர்நார் மெத்தை கிடைக்கிறது. தென்னை நாரில் லிக்னின் மிகுதியாக இருப்பதால் அது எளிதில் மட்காது. ரப்பர்ப் பால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கிடைப்பது. அந்த ரப்பர் மரமே, பால் வற்றி வெட்டப்படும்போது, பூச்சி அரிக்காமல் போரான் உப்பில் பதப்படுத்தப்பட்டுச் சட்டத்துக்கு உதவுகிறது. இதை நான் மெச்சுகிறேன். எனினும், இயற்கை என்ற பெயரால் மயங்கிவிடக் கூடாது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றிய ரப்பரும் வலையாகப் பிணைந்ததே. அதையும் உருக்கி வார்க்க முடியாது, வெயில் பட்டால் அதுவும் வெடித்து உதிரும். நார் மெத்தையைச் சட்டத்தில் பசையிட்டு ஒட்டினால் பாலியூரித்தேனுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்.

சட்டங்கள் இத்திசையில் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. பிரான்ஸில் 2013 முதல் ஒவ்வொரு சோபாவின் விலையிலும் அதைக் கடைசியில் கழிப்பதற்கான செலவு சிறு கட்டணமாகச் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொணர்ந்த சுற்றுச்சூழல் வடிவமைப்பு விதி, பழுது பார்க்க இயலுமை, பிரித்தெடுக்க இயலுமை ஆகியவற்றைப் பொருள்களின் இலக்கணமாக்குகிறது. அறைக்கலன்கள் அதன் முதல் வரிசையில் நிற்கின்றன. நம் நாட்டில் அத்தகைய விதி வரும்வரை காத்திருக்க அவசியமில்லை. அடுத்த முறை சோபா வாங்கப் போகும் வாசகர், கடைக்காரரிடம் அதைக் கவிழ்த்து அடித்துணியை விலக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்; போல்ட்டு இருக்கிறதா, பின் அறைந்திருக்கிறதா, உறையில் ஜிப் இருக்கிறதா, மெத்தை தனியே வெளியே வருகிறதா என்று தம் கையாலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அவ்விதம் திறந்து காட்ட இயலாத சோபாவை, அதன் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் திரும்பி வருமாறு கேட்டுக் கொள்கிறேன்.