முதல்ல அறுந்து போகணும்னே வாங்குற வடம்

எந்த வடம் வாங்கப் போனாலும் நாம கேக்குற முதல் கேள்வி, "நல்லா தாங்குமா?" அமெரிக்காவோட வடமேற்குல, ஓரிகான், வாஷிங்டன் மலைச்சரிவுல டக்ளஸ் ஃபர் மரம் வெட்டி இழுக்குறவங்க இன்னொண்ணும் கேப்பாங்க: "மெயின் வடத்துக்கு முன்னாடி இது அறுந்துடுமா?"

வேடிக்கையா இருக்கா? விஷயத்தைப் பாருங்க.

இப்படிக் கேட்டு வாங்குற வடத்துக்குப் பேரு சோக்கர், அதாவது சுருக்கு வடம். சில மீட்டர் நீளம்தான். முனையில ஒரு குமிழ். வடத்து மேல நழுவுற கொக்கி ஒண்ணு. அதுக்குப் பேரு பெல். குமிழை மரத்துக்கு அடியில விட்டு, அந்தப் பக்கம் எடுத்து, பெல்லுல மாட்டினா சுருக்கு விழுந்துடும். இழுக்க இழுக்க இறுகும். மறுமுனை மெயின் வடத்துல. அது இழுக்கும்போது சரிவு முழுக்க விறைச்சு நிக்குற நீள வடம். அது அறுந்தா சாட்டை மாதிரி சரிவு முழுக்க வீசிட்டு வரும். அதனாலதான் அறுந்தா சோக்கர் அறுந்து போகட்டும்னு அதை மெயின் வடத்தைவிட தடிமன்ல 1/8 அங்குலமாவது சின்னதா எடுக்குறாங்க. முக்கால் அங்குல மெயின் வடம்னா 5/8 சோக்கர். உயர்ரக எஃகுல முக்கால் அங்குலம் அறுபட 29.4 அமெரிக்க டன் வேணும், 5/8க்கு 20.6 போதும். அதுவும் நேரா இழுத்தா வர்ற கணக்கு. தூக்குற வேலையில சுருக்குப் போட்டாலே முக்கால் பங்குதான்னு எடுத்துக்குவாங்க. சுருக்கு வளையுற கோணம் 120 டிகிரிக்குக் கீழே போனா இன்னும் குறையும்.

வடத்தோட நடுவுல நார் இருக்குறதை வாங்காதீங்க. மரத்தோட கனத்துல நசுங்கிடும். நடுவுலயும் கம்பி வடமே இருக்கணும். வெளிக்கம்பியை அடிச்சுத் தட்டையாக்கின வடமும் கிடைக்கும். பாறையில உரசினா சீக்கிரம் தேயாது, அதே தடிமனுக்குப் பலமும் கூட. ஆனா விறைப்பா இருக்கும். சின்ன மரத்தைச் சுத்தி வளைக்குறதுக்குள்ள கை நொந்துடும்.

இப்போ மாட்டுற இடம். அமெரிக்க மத்திய அரசோட மரவெட்டு விதி 1910.266 என்ன சொல்லுதுன்னா, மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்னுதான் மாட்டணும், கழட்டணும். பள்ளத்துப் பக்கம் போயே ஆகணும்னா, முதல்ல மரம் உருளாம முட்டுக் கொடுத்துடணும். சுருக்கு மரத்தோட முனைகிட்ட விழணும். நடுவுல போட்டா, இழுக்கும்போது மரம் குறுக்கே திரும்பிக் கட்டையில மாட்டிக்கும். ஆள் எல்லாரும் விலகின பிறகுதான் மரம் அசையணும்.

விலகுறதுன்னா பத்தடி தள்ளி நின்னு வேடிக்கை பாக்குறது இல்ல. மேட்டுல, மரம் போற திசைக்குப் பின்னாடி, பக்கவாட்டுல போயிடணும். வளைஞ்சு கிடக்குற வடத்துக்கு உள்பக்கம் மட்டும் நிக்கவே கூடாது. விறைச்சதும் அது நேராகும், உள்ளே நிக்குறவரை வாரிட்டுப் போயிடும்.

தினம் காலையில வடத்தைப் பாருங்க. கையுறை போட்டுக்கணும், வெறுங்கையால தடவாதீங்க. அறுந்த கம்பி சிலும்பு சதைக்குள்ள இறங்கிடும். ஒரே புரியில நிறைய கம்பி அறுந்திருந்தா, வடம் நசுங்கியிருந்தா, முடிச்சு மாதிரி மடங்கியிருந்தா, அது கதை முடிஞ்சுது. மடங்கினதை நிமிர்த்திட்டா சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க. உள்ள கம்பி நொறுங்கியாச்சு. குமிழ்கிட்டயும் உத்துப் பாருங்க, அங்கதான் வடம் சத்தமில்லாம கழண்டு வரும்.

கெட்ட சோக்கரை ஓரமா வைக்காதீங்க. ரெண்டு துண்டா வெட்டிப் போடுங்க. முழுசா கிடந்தா, அடுத்த நாள் மழையில, அவசரத்துல, யாராவது எடுத்து மாட்டிடுவாங்க.