ஐந்து நட்சத்திரம் எதை அளக்கிறது?

கெடாவின் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் எங்கும் காணக்கூடிய பெரோடுவா மைவி, 2017இல் புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஐந்து வாங்கிய பிக்கப்புகளும் உண்டு. அப்படியானால் இரண்டும் சமமா?

இல்லை.

முன்புற மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கும் அலுமினியத் தடுப்பில் மோதும். காருக்குள் உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் தலை எவ்வளவு கடுமையாக, எத்தனை மில்லிவிநாடி உலுக்கப்பட்டது, நெஞ்சு எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்பதெல்லாம் பதிவாகும். தடுப்பு நகராது, ஆகவே ஒவ்வொரு வண்டியும் தன் எடைக்கேற்ற ஆற்றலைத்தான் சமாளிக்கிறது. நிஜச் சாலையில் இரண்டும் நேருக்கு நேர் மோதினால், எடை குறைந்த வண்டியின் வேகமே அதிகமாக மாறும். உள்ளிருப்பவர் உடம்பில் விழும் விசையும் அதற்கேற்பக் கூடும்.

சிறிய கார், பிக்கப் என வகைவாரியாக எடுத்த சோதனை எண்களின் சராசரியை நம்பியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே வகைக் கார்களின் எண்களே பெரிதும் சிதறிக் கிடந்தால், இரு வகைகளின் சராசரிக்கு இடையிலுள்ள சிறு வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்.

கெடாவுக்கு இதைவிட அவசரமான கேள்வி, குரூணில் தயாராகும் மொடெனாஸ் போன்ற மோட்டார் சைக்கிள்கள். மலேசியச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் அவற்றில் போனவர்களுடையவை. அடியை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு முன்னால் நசுங்கும் பாகமே இல்லை. 2021 முதல் ஆசியான் என்கேப், மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பையும் கார்களின் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. பக்கவாட்டில் கண்ணுக்குத் தப்பி வரும் மோட்டாரைக் காட்டிக்கொடுக்கும் கருவி காரில் இருந்தால், அதற்கும் மதிப்பெண் உண்டு.